முகூர்த்தத் தேதியும் சிகிச்சைத் தேதியும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஏறத்தாழ 13 லட்சத்து 70 ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். கருப்பையும் யோனிக்குழாயும் உருவாகாமல், அல்லது அரைகுறையாக உருவாகிப் பிறக்கும் பெண்கள் 4,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்கும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் இந்த ஒரு மாவட்டத்திலேயே 270 முதல் 300 பேர் வரை இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஒருத்தி இருக்கலாம். உறையூரின் தறிக்காரத் தெருவிலும் பொன்மலை ரயில்வே குடியிருப்பிலும் ஒருத்தி இருக்கலாம். இவர்களில் பெரும்பாலானோர் பதினைந்து, பதினாறு வயதுவரை தங்களிடம் ஏதும் வித்தியாசம் இருப்பதை அறிவதில்லை. மார்பு வளர்கிறது, உயரம் கூடுகிறது, உடன் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு சுற்றியாகிவிட்டது, இவளுக்கு மட்டும் மாதவிலக்கு வரவில்லை. ‘இன்னும் வயசுக்கு வரலை’ என்று வீட்டுக்குள் தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒருநாள் ஸ்கேன் அறையில் வந்து முடிகிறது.

எம்.ஆர்.கே.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிலை மாயர், ரோகிடான்ஸ்கி, கூஸ்டர், ஹவுஸர் என்ற நான்கு மருத்துவர்களின் பெயரைச் சுமக்கிறது. மாயர் எழுதியது 1829இல், ஹவுஸர் எழுதியது 1961இல். கருவில் பெண்ணின் உள்ளுறுப்புகளாக மாற வேண்டிய முல்லர் குழாய்கள் வளராமல் நின்றுவிடுவதே அடிப்படை. சினைப்பைகள் வேறொரு மூலத்திலிருந்து உருவாவதால் அவை வழக்கமாக நன்றாகவே இயங்குகின்றன. ஹார்மோன்கள் சுரக்கின்றன, முட்டைகள் முதிர்கின்றன. குரோமோசோம் 46 எக்ஸ்.எக்ஸ். வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை. யோனியின் இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குழிவு மட்டும் இருக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகத்திலும் குறை காணப்படுகிறது: ஒன்று இல்லாமலிருப்பது, இடம் மாறியிருப்பது. சிலருக்கு முதுகெலும்பிலோ செவித்திறனிலோ கோளாறு இருக்கும். கண்டறிந்த உடனே செய்ய வேண்டியது, உண்மையில், இவற்றைப் பார்ப்பதுதான். யோனிக்குழாய் இல்லாததால் உயிருக்கு ஆபத்து இல்லை, உடல்நலத்துக்குக் கேடும் இல்லை. இந்த எளிய உண்மைதான் பின்னால் வரும் அவசரங்களில் எல்லாம் முதலில் மறக்கப்படுகிறது.

ஒரு பிரிவினரை இங்கேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கருப்பை இருந்து, அதிலிருந்து வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கும் பெண்களின் நிலை வேறு. கன்னிச்சவ்வு துளையில்லாமல் மூடியிருப்பது, யோனிக்குக் குறுக்கே திரை போலத் தசை வளர்ந்திருப்பது, கருப்பை வாய் உருவாகாமலிருப்பது ஆகியவற்றில் உதிரம் உள்ளேயே தேங்கி மாதந்தோறும் வயிற்று வலி வரும். அவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவை, தள்ளிப்போடவும் கூடாது. எம்.ஆர்.கே.எச். உள்ளவர்களிலும் சிறு பகுதியினருக்கு எஞ்சியிருக்கும் கருப்பைத் துண்டில் உட்சவ்வு இயங்கி வலி தரும். லேப்ராஸ்கோபி மூலம் அதை அகற்ற நேரும். இக்கட்டுரையின் வாதம் இவர்களைப் பற்றியது அல்ல. கத்தியின்றி யோனிக்குழாயை உருவாக்கிக்கொள்ள முடிகிற, எண்ணிக்கையில் மிக அதிகமான, மற்றவர்களைப் பற்றியது. அவர்களுக்கு முதலில் தரப்பட வேண்டியது டைலேட்டர் சிகிச்சை. நம் ஊரில் அது பின்னுக்குப் போவதற்கான காரணங்களைத் தேடினால் மருத்துவத்தைவிடக் கல்யாணமே அதிகம் அகப்படுகிறது.

டைலேட்டர், அறுவை என்ற இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் எழுதி வைக்கப்பட்டவை. 1938இல் நியூயார்க்கின் ராபர்ட் ஃபிராங்க், அறுவையே இல்லாமல் யோனியை உருவாக்கும் முறையை வெளியிட்டார். குழிவு இருக்கும் இடத்தில் மழுங்கிய முனையுள்ள குழாயை, அதாவது டைலேட்டரை, வைத்து, சரியான கோணத்தில், பொறுக்கக்கூடிய அளவுக்கு அழுத்தம் கொடுத்துக்கொண்டே வந்தால் அங்குள்ள திசு மெல்ல மெல்ல நீள்கிறது. அழுத்துவது அந்தப் பெண்ணின் கையேதான். பாம்படம் அணிந்த பாட்டிகளின் காதை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்: இடைவிடாத சிறு இழுப்புக்கு உயிருள்ள தோல் வளர்ந்து இடம்கொடுக்கிறது. அதே 1938இல் லண்டனில் ஆர்ச்சிபால்ட் மெக்இன்டோ, சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே வெட்டி வெளியுண்டாக்கி, தொடையிலிருந்து எடுத்த தோலை ஓர் அச்சின்மேல் சுற்றி உள்ளே வைக்கும் அறுவை முறையைப் பரப்பினார். பின்னர் உலகப் போரில் தீக்காயமடைந்த விமானிகளின் முகங்களைச் சீரமைத்துப் புகழ்பெற்ற அதே மெக்இன்டோதான். அதற்கும் முன்பே, 1904இல், பால்டுவின் என்ற அமெரிக்க மருத்துவர் குடலின் ஒரு துண்டைப் பயன்படுத்தியிருந்தார். இந்தியாவில் தொடைத் தோலுக்குப் பதிலாகப் பனிக்குடச் சவ்வை வைக்கும் முறை பரவலானது. சிசேரியன் நடக்கும் எந்த மருத்துவமனையிலும் அது கிடைக்கும், செலவு குறைவு, தொடையில் தழும்பும் விழாது. பொது மருத்துவமனைகளின் கெட்டிக்காரத்தனம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அறுவையில் பேசப்படாத பகுதி அதற்குப் பிந்தைய மாதங்களில் இருக்கிறது. தோலோ சவ்வோ வைத்து உருவாக்கிய குழாய் தானாகத் திறந்திருக்காது, சுருங்கும், ஒட்டிக்கொள்ளும். முதல் நாட்களில் ஆணுறைக்குள் பஞ்சுநுரை திணித்த அச்சை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் அச்சை அணிய வேண்டும், அதன்பின் தாம்பத்திய உறவு தொடங்கும்வரை டைலேட்டரைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். விட்டுவிட்டால் குழாய் மூடிக்கொள்கிறது. மூடிய இடத்தில் இப்போது தழும்பு இருக்கிறது. முதலில் டைலேட்டருக்கு இணங்கியிருக்கக்கூடிய மென்திசு இல்லை. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம், அக்கம்பக்க உறுப்புகளுக்குக் காயம் நேரும் அபாயமும் கூடுதல். ஆக, டைலேட்டரிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதற்காக அறுவையைத் தேர்ந்தெடுக்கும் பெண் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. மயக்க மருந்தையும் தையலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அதே டைலேட்டரைப் புண் ஆறாத உடம்பில் பயன்படுத்தப் போகிறாள். விலக்கு உண்டு: குடல்துண்டு வைத்த குழாய் அவ்வளவாகச் சுருங்காது. அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும், சளிக்கசிவு தொடரும்.

டைலேட்டர் பலன் தருகிறதா என்பதற்குப் போதுமான சான்று சேர்ந்திருக்கிறது. 1981இல் ஃபுளோரிடாவின் ஜேம்ஸ் இங்ரம், சைக்கிள் இருக்கை பொருத்திய முக்காலியில் உடையணிந்தபடியே அமர்ந்தால் உடலின் எடையே அழுத்தம் தரும் என்று காட்டி, கைவலியைப் போக்கினார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையைப் பின்பற்றிய 37 பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கண்டார்கள். சராசரியாக ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பிடித்தது. லண்டன் குயின் சார்லட்ஸ் மருத்துவமனையில் கீத் எட்மண்ட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட கணக்கு இன்னும் பெரியது: தொடர்ச்சியாக வந்த 245 பெண்கள், ஏறத்தாழ 95 விழுக்காடு வெற்றி. இவற்றையெல்லாம் எடைபோட்டு அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரி 2018 ஜனவரியில் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. முதல் சிகிச்சை டைலேட்டர்; அது பலிக்காதவர்களுக்கும், எல்லாம் அறிந்தபின் அறுவையே வேண்டும் என்று தெரிவுசெய்பவர்களுக்கும் மட்டுமே அறுவை என்பது அதன் நிலைப்பாடு.

இந்த இடத்தில் அறுவை மருத்துவர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடுவார். லண்டனில் 95 என்றால் எல்லா ஊர்களின் ஆய்வுகளையும் கலந்து பார்க்கும்போது வெற்றி விகிதம் ஏன் கணிசமாகக் குறைகிறது? அறுவைக்குப் பதிவாகும் விகிதம் ஏன் அதைவிட உயர்ந்திருக்கிறது? குறைவது உண்மை. ஆனால் டைலேட்டரில் தோல்வி என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, பாதியில் நிறுத்தியவர்களின் கணக்கு. திசு நீள மறுத்தவர்கள் குறைவு, மனம் சலித்தவர்களே அதிகம். குயின் சார்லட்ஸில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. முதல் சில அமர்வுகளில் பயிற்சி பெற்ற செவிலி உடனிருந்து கோணத்தையும் அழுத்தத்தையும் கற்றுத்தந்தார், உளவியலாளர் இருந்தார், மறுபரிசோதனை இருந்தது. அதே லண்டன் குழு 2007இல் நடத்திய கட்டுப்பாட்டு ஆய்வில், குழுவாக அமர்ந்து உளவியல் ஆலோசனை பெற்ற பெண்களின் மனத்துன்பம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குறைந்தது. விகிதத்தை மாற்றுவது கருவி அல்ல, கூட நிற்கும் ஆள். மேலும் அறுவையின் வெற்றி பெரும்பாலும் அறுவை முடிந்து வெகுகாலம் ஆகாத நிலையில் அளக்கப்படுவது. ஐந்தாண்டு கழித்து மூடிக்கொண்ட குழாய்கள் பல அந்தப் பட்டியலில் சேர்வதே இல்லை.

திருச்சிக்கே உரிய ஆட்சேபம் வேறு மாதிரியானது. ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை, முறைக்குப் பத்து முதல் முப்பது நிமிடம் தனியாக இருக்க எந்த வீட்டில் இடம் இருக்கிறது? அக்ரகாரத்தின் நீள வீடுகளில் ரேழி, கூடம், முற்றம் என்று எல்லாம் திறந்த வெளி. ஒற்றை அறை வாடகை வீட்டில் தாழ்ப்பாள் போட்டாலே கேள்வி வரும். விடுதியில் படிக்கும் பெண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். இந்த ஆட்சேபத்துக்கு எடை உண்டு. ஆனால் அது அறுவையின் பக்கம் சாயவில்லை, ஏனென்றால் அறுவைக்குப் பின்னும் அதே வீட்டில், அதே தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான் அதே பயிற்சி. அது சாய்வது காலம் தாழ்த்துவதன் பக்கம். தனி அறை கிடைக்கும் வயதில், வேலைக்குப் போய் வேறூரில் தங்கும்போது, அல்லது எல்லாம் அறிந்த துணை ஒருவர் அமைந்தபின் தொடங்கலாம். ஒழுங்கான தாம்பத்திய உறவே குழாயை நீட்டித் தரும் என்பதும் பதிவான செய்தி. பதினேழு வயதில் தொடங்கினால்தான் பலிக்கும் என்ற விதி எதுவும் இந்தச் சிகிச்சையில் இல்லை.

அப்படியானால் ஏன் இத்தனை அவசரம்? நம் ஊரில் பெண்ணுடம்பின் நாட்காட்டியைச் சடங்குகள் எழுதிவைத்திருக்கின்றன. தாய்மாமன் சீரோடு மஞ்சள் நீராட்டு, பிறகு பெண் பார்த்தல், நிச்சயம், வளைகாப்பு. மலைக்கோட்டையில் வீற்றிருக்கும் தாயுமானவர், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தங்கிவிட்ட தாயின் உருவெடுத்து வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்தவர் என்கிறது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் வாழைத்தார் கொண்டுவருகிறார்கள். தலைக்குமேல் அந்தக் குன்று நிற்கும் ஊரில், ‘கர்ப்பப்பை இல்லை’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு வரும் தாயின் மனநிலையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்தத் தாய் மருத்துவரிடம் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘கல்யாணத்துக்கு முன்னால ஆபரேஷன் பண்ணிடலாமா?’ என்பதாகவே அமைந்துவிடுகிறது. அறுவைக்குத் தேதி உண்டு. தேதியுள்ள எதையும் முகூர்த்தத்துக்கு முன்னால் பொருத்திவிடலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், உன் மகள் தானாக விரும்பும்போது தொடங்கலாம் என்ற பதிலை எந்தக் கல்யாணக் கணக்கிலும் அடைக்க முடியாது. மருத்துவ ரீதியாகப் பார்த்தால் அறுவைக்குக் கல்யாணத்துக்கு முந்தைய காலமே மிகத் தவறான நேரம்: மாப்பிள்ளை இன்னும் முடிவாகவில்லை, உறவு தொடங்கவில்லை, அச்சை அணியும் ஒழுங்கு பெண்ணுக்குப் பிடிபடவில்லை. குழாய் மூடிக்கொள்வதற்கு இவையே போதுமான காரணங்கள்.

மறைத்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த அவசரத்துக்கு அடியில் இருக்குமானால், அது சட்டத்தின் முன்னும் நிற்காது. 1955 இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தாம்பத்திய உறவுக்கு இயலாமையைத் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்குவதையும் அப்படியே வைத்திருக்கிறது. குழந்தை பெற இயலாமை வேறு, உறவுக்கு இயலாமை வேறு என்பது நம் நீதிமன்றங்களில் நிலைபெற்றுவிட்ட கருத்து. இங்கிலாந்தில் 1845இல் இதே உடல்நிலையுள்ள பெண்ணின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது. 1962இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சிகிச்சையால் உருவாகும் யோனியும் யோனியே, எனவே குணப்படுத்தக்கூடிய நிலையை இயலாமை எனக் கொள்ள முடியாது என்றது. அதாவது சட்டத்தின் கண்ணில் ஆபத்து உடலமைப்பில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. கருப்பை இல்லாததை எந்த அறுவையாலும் மறைக்க முடியாது, மாதம் ஒருமுறை அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சம்மதத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்கென ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருண்குமார், ஸ்ரீஜா தம்பதியின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் ‘திருத்தும்’ அறுவைகளைத் தடைசெய்யச் சொன்னது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது. அவ்வாண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான சூழல் நீங்கலாக, அத்தகைய அறுவைகளுக்குத் தடைவிதித்து அரசாணை வந்தது. இந்தியாவில் இதுதான் முதல். எம்.ஆர்.கே.எச். உள்ள பெண் இடைப்பாலினத்தவரா என்பது தனி விவாதம். பலர் அப்படித் தங்களை அடையாளப்படுத்துவதில்லை, சட்டமும் நேராக அவர்களைப் பற்றியது அல்ல. ஆனால் திருச்சியும் ஆட்பட்டிருக்கும் அந்த மதுரைக் கிளை சொன்ன நியாயம் இங்கும் பொருந்துகிறது: அவசரமில்லாத, திருப்பி மாற்ற முடியாத அறுவை, அந்த உடம்புக்கு உரியவர் தானே முடிவெடுக்கும் வயது வரும்வரை காத்திருக்கலாம். டைலேட்டரில் இந்தச் சிக்கல் கட்டமைப்பிலேயே எழாது. அவள் விரும்பாவிட்டால் அது நடக்காது, நிறுத்த நினைத்தால் அன்றே நிறுத்தலாம். அம்மா செய்துவிட முடியாது, மாமியாரும் செய்துவிட முடியாது.

இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது, அதை நான் இன்னும் கனமாக எடுத்துக்கொள்கிறேன். நலமாக இருக்கும் பெண்ணின் உடலில் எதற்காக ஒரு குழாயை உண்டாக்க வேண்டும்? ஆணின் தேவைக்காகவா? டைலேட்டரும் மென்மையான கட்டாயமே அல்லவா? வலியோடும் சலிப்போடும் தினம் ஒருமுறை ‘நீ குறையுள்ளவள்’ என்று நினைவூட்டும் சடங்காக அது மாறிவிடக்கூடும் என்று பெண்களே பதிவுசெய்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரே நேர்மையான பதில், ஒன்றுமே செய்யாமலிருப்பதும் சிகிச்சைத் தெரிவுகளில் ஒன்றாக முதல் சந்திப்பிலேயே சொல்லப்பட வேண்டும் என்பது. யோனிக்குள் நுழையும் உறவு மட்டுமே இன்பத்துக்கு வழி என்பதும் இல்லை; வெளிப்பகுதியும் கிளைட்டோரிஸும் இவர்களுக்கு முழுமையாகவே இருக்கின்றன. விரும்புகிறவளுக்கு டைலேட்டர், விரும்பாதவளுக்கு எதுவும் இல்லை, இன்று விரும்பாதவள் பத்து ஆண்டு கழித்து விரும்பினால் அன்றைக்கு டைலேட்டர். கத்தி பட்ட உடம்பில் இந்த வரிசையைத் திரும்ப அமைக்க முடியாது.

குழந்தை பற்றிய எதிர்பார்ப்பை இந்த விவாதத்திலிருந்து தெளிவாகப் பிரித்துவைப்பதும் அவசியம், ஏனெனில் ‘ஆபரேஷன் செய்தால் குழந்தை பிறக்குமா’ என்ற நம்பிக்கை பல குடும்பங்களை மேசைக்குத் தள்ளுகிறது. யோனியை உருவாக்கும் எந்த முறையும் கருப்பையைத் தராது. கருப்பை மாற்று அறுவை ஸ்வீடனில் 2014இல் முதல் குழந்தையைத் தந்தது. புனேயில் 2017இல் தொடங்கி 2018 அக்டோபரில் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது. அது இன்னும் சிலருக்கே எட்டும் பெரிய காரியம். சினைப்பை இயங்கும் பெண்ணுக்கு வாடகைத்தாய் மூலம் தன் முட்டையிலிருந்தே குழந்தை பெற வழி உண்டு. ஆனால் 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் திருமணமான தம்பதியருக்கும், விதவைகள், மணமுறிவு பெற்றவர்களுக்கும் மட்டும் திறந்துவைத்து, மணமாகாத பெண்ணுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. 2023 மார்ச்சில் விதியைத் திருத்தி, தானமாகப் பெற்ற முட்டையையும் தடைசெய்தார்கள். எம்.ஆர்.கே.எச். உள்ள, சினைப்பையும் முட்டை தராத ஒரு பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவ்வாண்டு அக்டோபரில் நீதிபதி நாகரத்னா அடங்கிய அமர்வு அவருக்கு விலக்களித்தது. 2024 பிப்ரவரியில் விதியே மாறியது. மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று இருந்தால் தம்பதியில் ஒருவருக்கு மட்டும் தானம் பெறலாம். தாய்மைக்கான வாசலைச் சட்டம் திருமணத்தின் வழியாகவே வைத்திருக்கும்வரை, முகூர்த்தத்தின் அழுத்தம் குறையாது என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. சுற்றுமாவட்ட மக்களும் வந்துபோகும் இடம். இத்தகைய ஒரு மையத்துக்கு டைலேட்டர் சிகிச்சை தொடங்கப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். அளவு அளவாகப் பெரிதாகும் டைலேட்டர்கள் ஒரு தொகுதி, நீர் சார்ந்த வழவழப்புக் களிம்பு, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, இதற்கெனப் பயிற்சி பெற்று இடமாற்றம் ஆகாமல் இருக்கும் ஒரு செவிலி, வாரத்தில் ஒரு நாள் உளவியலாளர். இருந்தும் இது எளிதில் நடக்காததற்குக் காரணம், நம் காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைகளை எண்ணித் தொகை தருபவை. ஒரு செவிலி ஒரு பெண்ணோடு ஆறு மாதம் பேசியதை எந்தத் தொகுப்பிலும் எழுத முடிவதில்லை. மருத்துவமனையின் வருவாய்க் கணக்கில் அறுவை ஒரு வரி, ஆலோசனை வெறும் காற்று. ஆனால் வீட்டிலேயே தொடரும் நீண்டகாலச் சிகிச்சைக்கு அரசு கணக்கெழுத முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுவாசலுக்கே கொண்டுபோனது.

கண்டறிதலிலும் ஒரு பாதை தயாராகவே கிடக்கிறது. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில், பள்ளிக்கு வரும் குழுவினர் வளரிளம் பெண்களிடம் கேட்க வேண்டிய பட்டியலில் மாதவிலக்கு தாமதமாவதும் இடம்பெற்றிருக்கிறது. பதினைந்து வயது முடிந்தும் மாதவிலக்கு வராத மாணவி யாரேனும் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால், அவளை எங்கே அனுப்புவது, அங்கே முதலில் அவளோடு யார் பேசுவது, பெற்றோரை வெளியே உட்காரவைத்து அவளிடம் தனியாக எவ்வளவு நேரம் பேசுவது என்பவை எழுதிவைக்கப்பட வேண்டும். அதன் கூடவே, அறுவைக்கு முன் டைலேட்டர் தரப்பட்டதா, எத்தனை மாதம், யார் மேற்பார்வையில், ஏன் நிறுத்தப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கு நோயாளியின் பதிவேட்டில் ஒரு கட்டம் ஒதுக்கலாம். முறையான முயற்சிக்குப் பின்னும் பலன் காணாத பெண்களும், எல்லாம் தெரிந்து அறுவையையே விரும்பும் பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அனுபவமுள்ள கைகளில் பனிக்குடச் சவ்வு அறுவை நல்ல வழியே. மற்றவர்கள் எத்தனை பேர் கேட்காமலே மேசைக்குப் போனார்கள் என்பதை அந்தக் கட்டம் ஓரிரு ஆண்டுகளில் காட்டிவிடும்.